விழுந்தா யாரு தூக்குறது?

பிஎம்டபிள்யூவோட பெரிய அட்வென்ச்சர் பைக் ஆர் 1300 ஜிஎஸ் எந்தக் காட்டுலயும் போகும்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, போகும்தான் ஒத்துக்கறேன், ஆனா 237 கிலோ வண்டி விழுந்தா யாரு தூக்குறதுன்னு ஒரு வரி கூட இல்லையே. இமாச்சல் மலையில ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போனப்போ பாதல்ங்கற இடம் தாண்டி ஒரு ஓடையில ஃப்ரெண்டோட பெரிய வண்டி முன் வீல் உருண்டைக்கல்லுல தட்டி அப்படியே சாஞ்சிடுச்சு, ஐஸ் மாதிரி தண்ணி, முழங்கால் வரைக்கும் நின்னு மூணு பேரு தம் கட்டித் தூக்குனோம், அந்த உயரத்துல மூச்சு வேற வாங்குது. தனியா வந்திருந்தா நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு. ஜல்லி ரோட்டுல நின்னுகிட்டு ஓட்ட பெரிய வண்டி சுகமே தனி, ஆனா மணல் சேறுன்னா எடை கம்மியா இருக்கறதுதான் எல்லாமே, பாலைவனத்துல ஓட்டுற டக்கார் ராலி ரேஸ்லயே 2011ல இருந்து பைக்குக்கு 450 சிசிதான் லிமிட். வாங்குறவங்க முதல்ல புல்தரையில வண்டிய படுக்க வச்சு, முதுகு காட்டி உக்காந்து காலால உந்தி தனியா தூக்கிப் பாருங்க, அப்புறம் புக் பண்ணுங்க.