ஓடைக்கும் ஒரு பங்கு

"இவ்வளவு தண்ணீர் சும்மா ஓடி வீணாப் போகுதே" என்று யாராவது சொன்னால் முன்பு நானும் தலையாட்டுவேன். இப்போது முடிவதில்லை. ஓடைத் தண்ணீர் சும்மா ஓடுவதே இல்லை. கூழாங்கல் இடுக்கில் கிடக்கும் மீன் முட்டைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது அதுதான். தும்பியின் குஞ்சுகள் வளர்வது அதற்குள்தான். அந்தத் தும்பியைப் பிடிக்கும் பறவைக்கும், மீனைத் தேடி வரும் நீர்நாய்க்கும், கரையில் வேர்விட்ட மரத்துக்கும் அதுதான் பிழைப்பு. இதில் எது வீண்?

இந்த 'வீண்' என்ற எண்ணம் சில இடங்களில் சட்டமாகவே இருந்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் தண்ணீரை எடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் உரிமையே போய்விடும். பயன்பாடு என்றாலே வாய்க்கால் வெட்டி ஓடைக்கு வெளியே கொண்டுபோவது என்றுதான் நெடுங்காலம் பொருள் கொண்டார்கள். ஓடைக்குள்ளேயே வாழும் மீன் அந்தக் கணக்கில் வரவில்லை. கொலராடோ 1973-இலும் ஆரிகன் 1987-இலும் சட்டம் இயற்றி, ஓடையிலேயே விட்டுவைக்கும் நீருக்கும் உரிமை உண்டு என்றன. நல்லதுதான். ஆனால் அங்கே பல வாய்க்கால்களின் உரிமை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. புதிதாகப் பெற்ற உரிமை வரிசையின் கடைசியில் நிற்கிறது. கடைமடைக்காரருக்கு இந்த வலி சொல்லாமலே புரியும். மழை பொய்த்த ஆண்டில் முதலில் காய்வது கடைமடை. மீன் அதற்கும் கீழே நிற்கிறது.

நீர் குறைந்தால் ஆழம் மட்டுமா குறைகிறது? மெல்லிய நீர் வெயிலில் சீக்கிரம் சூடேறும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 0 டிகிரியில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் நிற்பது, 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5-க்கு இறங்கிவிடுகிறது. அதே சூட்டில் மீனின் உடலுக்கோ ஆக்சிஜன் அதிகம் வேண்டும். மிஞ்சிய மடுக்களில் எல்லா மீன்களும் நெருக்கியடித்துக் கிடக்கும்போது நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 2002 செப்டம்பரில் கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றில் இதுதான் நடந்தது. முட்டையிட ஆறு ஏறி வந்த சால்மன்கள், குறைந்த, சூடான நீரில் செவுள் நோய் பிடித்து 30,000-க்கும் மேல் செத்து மிதந்தன. கடலில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட வந்த வழியில் செத்த மீன்கள் அவை. படிக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

சரி, குறைந்தபட்சம் இவ்வளவு விடு என்று ஒரு எண்ணைக் குறித்துவிட்டால் போதுமா? அங்கேதான் ஒரு சிக்கல். 1976-இல் டெனன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் எளிய அளவுகோல் தந்தார். ஆண்டு சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன்கள் சில காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், 30 சதவீதம் என்றால் வாழிடம் பரவாயில்லை, 60 என்றால் மிக நன்று. அந்த 10 சதவீதம் சாகாமல் தாக்குப்பிடிக்கும் அளவு. அதையே ஆண்டு முழுக்க விட்டுவிட்டு, ஓடையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

அளவோடு காலமும் வேண்டும். புதுவெள்ளம் வந்தால்தான் பல மீன்கள் ஏறும். வெள்ளம் வண்டலைக் கழுவிவிட்டால்தான் முட்டையிடக் கூழாங்கல் கிடைக்கும். மின்சாரத் தேவைக்காகக் காலையில் திறந்து மாலையில் மூடும் அணைக்குக் கீழே, காலையில் நனைந்த கரையோரம் மாலையில் காய்கிறது. அங்கே இட்ட முட்டையும் காய்கிறது, குட்டைகளில் குஞ்சுகள் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுச் சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது. மூடுவதை மெதுவாக, படிப்படியாகச் செய்தாலே எவ்வளவோ பிழைக்கும். அப்புறம் ஓடைக்கு அருகில் போடும் ஆழ்துளைக் கிணறுகள். கோடையில் ஓடையைத் தாங்குவது ஊற்று நீர். அதை அடியில் உறிஞ்சிவிட்டு மேலே மதகைத் திறந்து என்ன பயன்?

தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச் சட்டம் எனக்குப் பிடிப்பது இதனால்தான். மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்கு, மீதியைத்தான் மற்றவர்களுக்குப் பங்கிடு என்கிறது அது. நடைமுறையில் எவ்வளவோ தடங்கல் இருக்கலாம். ஆனால் கணக்கை எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் எடுத்தபின் மிஞ்சுவதை ஓடைக்கு விடுவதாக இருந்தால், எதுவும் மிஞ்சாது.

"அப்போ விவசாயி எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விவசாயியை வில்லனாக்கும் பேச்சு எனக்கும் பிடிக்காது. ஆரிகனில் தண்ணீர் உரிமையை ஓடைக்கு வாடகைக்கு விட வழி இருக்கிறது. பருவத்தின் முற்பகுதியில் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டு, ஓடை மெலியும் பிற்பகுதியில் மட்டும் தன் பங்கை ஓடையிலேயே விட்டுவிடலாம். பணமும் பெறலாம், உரிமையும் பறிபோகாது. மீனுக்கு அந்தச் சில வாரத் தண்ணீர்தான் உயிர்.