வாக்கெடுப்பில்லாமல் தனியார்மயமாகும் மெடிகேர்

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியாரிடம் ஒப்படைக்கலாமா என்று இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில் அது பாதிக்கு மேல் நடந்து முடிந்துவிட்டது. 2011இல் குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பால் ரயன், வருங்கால முதியவர்களுக்கு மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் காப்பீடு வாங்க மானியம் தரலாம் என்று முன்மொழிந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. செனட்டில் அது தோற்றது. ஆனால் 1997, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் திறந்துவிட்ட வழியில், 2023க்குள் தகுதியுள்ள முதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் அரசுப் பணத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்னும் தனியார் திட்டங்களில் சேர்ந்துவிட்டார்கள்.

சேருகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பழைய மெடிகேரில் மருத்துவர் கட்டணத்தில் 20 விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்க மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டையும், மருந்துக்குத் தனித் திட்டத்தையும் வாங்க வேண்டும். அட்வான்டேஜ் திட்டங்களோ, பெரும்பாலும் கூடுதல் பிரீமியம் இல்லாமல், பல், கண் சிகிச்சையையும் சேர்த்துத் தருகின்றன. செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்?

தனியார் வந்தால் அரசுக்குச் செலவு குறையும் என்றார்கள். குறையவில்லை. அதே முதியவர்கள் பழைய மெடிகேரில் இருந்திருந்தால் ஆகும் செலவைவிட 2024இல் 22 விழுக்காடு, அதாவது 83 பில்லியன் டாலர், கூடுதலாகச் செலவாகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் மெட்பாக் ஆணையம் மதிப்பிட்டது. ஒருவருடைய கோப்பில் எத்தனை நோய்கள் பதிவாகின்றனவோ அதற்கேற்ப நிறுவனத்துக்குக் கிடைக்கும் தொகை உயர்வதும், செலவு குறைவாக வைக்கக்கூடியவர்களே அதிகம் இத்திட்டங்களுக்கு வருவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இவ்வளவு பணம் வாங்கும் நிறுவனங்கள்தான் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்க வைக்கின்றன. மறுக்கப்பட்ட முன் அனுமதிக் கோரிக்கைகளில் 13 விழுக்காடு மெடிகேரின் விதிகளுக்கு முழுமையாக உட்பட்டவை என்று சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022இல் கண்டறிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும், மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றுவதும் அவற்றில் அடக்கம். மேல்முறையீடு செய்தவர்களில் பெரும்பான்மையோருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்கிறவர்கள் மிகச் சிலரே. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 80 வயதுக்காரர் எந்தத் தெம்பில் கடிதம் எழுதுவார் என்று எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரி, பிடிக்காவிட்டால் பழைய மெடிகேருக்குத் திரும்பலாமே என்பார்கள். திரும்பலாம், மெடிகேப் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 65 வயதில் மெடிகேரின் மருத்துவர் கட்டணப் பகுதியில் (பார்ட் பி) சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் எந்த நிறுவனமும் மெடிகேப்பை மறுக்க முடியாது. அதன் பிறகு, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்கள் நீங்கலாக, சில விதிவிலக்குகள் தவிர, உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த முடிவு, 75 வயதில் புற்றுநோய் வரும்போது ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. 1965இல் மெடிகேர் பிறந்ததற்குக் காரணமே, காப்பீட்டு நிறுவனங்கள் முதியவர்களை ஏற்கத் தயங்கியதும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவமனைக் காப்பீடு இல்லாமல் தவித்ததும்தான். அதே தயக்கம் இப்போது மெடிகேப் விண்ணப்பத்தில் திரும்ப வந்து நிற்கிறது. கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு ஐந்தாண்டு நிறைந்ததும் மெடிகேர் எடுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும், மாதத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களைக் காண்கிறேன்.

தனியார் திட்டங்களை ஒழிக்கச் சொல்லவில்லை. பழைய மெடிகேருக்கும் ஆண்டு உச்சவரம்பு வைக்கட்டும். மிகையாகக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பட்டும். எந்த வயதிலும் மெடிகேப் கிடைக்க நாடு முழுவதற்கும் சட்டம் வரட்டும். அதுவரை, பின்னாளில் மெடிகேப் மறுக்கப்படலாம் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு அட்வான்டேஜ் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.