ஓடத் தெரிந்த படை

மங்கோலியப் படை என்றதும் பலர் மனதில் வருவது வெட்டுக்கிளி மாதிரி கணக்கில்லாமல் பாய்ந்து வரும் குதிரைக் கூட்டம்தான். இந்தச் சித்திரத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர்களுடைய பலம் கட்டுப்பாடு. அது நன்றாகத் தெரிவது அவர்கள் பின்வாங்கிய போர்களில்.

1223, இன்றைய உக்ரைனில் உள்ள கல்கா ஆறு. ரஷ்ய இளவரசர்களும் கிப்சாக் துருக்கியரும் சேர்ந்து திரட்டிய படைக்கு முன்னால் மங்கோலியத் தளபதிகளான ஜெபேயும் சுபுதையும் ஏறத்தாழ ஒன்பது நாள் ஓடினார்கள். துரத்தியவர்கள் களைத்து, ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஓடிய படை திரும்பி அடித்தது. கீவ் இளவரசர் உட்படப் பலர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

ஓடச் சொன்னால் எந்தப் படையும் ஓடும். ஓடிக்கொண்டிருப்பவனை ஒரு சைகையில் நிறுத்தித் திருப்புவதுதான் பெரிய காரியம். பாசாங்காக ஓடும்போது பீதி நிஜமாகிவிட்டால் கதை முடிந்தது.

இதற்கான அடித்தளம் 1206-ல் போடப்பட்டது. செங்கிஸ்கான் தன் மக்களைப் பத்து, நூறு, ஆயிரம் என்று பிரித்தார். பத்தாயிரம் சேர்ந்தால் ஒரு தூமன். தோற்ற குலங்களைப் பிரித்து வெவ்வேறு ஆயிரங்களில் கலந்துவிட்டார். குலத்தலைவனுக்கு இருந்த விசுவாசம் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மாறியது. அந்தப் பத்தில் ஒருவன் தப்பி ஓடினால் பத்துப் பேருக்கும் மரணம் என்று, 1246-ல் போப்பாண்டவரின் தூதராக அங்கே போன கார்ப்பினி எழுதி வைத்திருக்கிறார். அப்புறம், குளிர்கால வேட்டை. மைல் கணக்கில் வளையம் கட்டி, மெல்ல மெல்ல அதைச் சுருக்குவார்கள். தன் பக்கம் ஒரு விலங்கைத் தப்பவிட்டவனுக்குத் தண்டனை உண்டு. போர்ப் பயிற்சியே அதுதான்.

இன்னொன்று, 'மங்கோலியப் படை' என்கிறோமே தவிர, மேற்கே போகப் போக அதில் துருக்கியரே அதிகம். கோட்டை என்றால் சீன, பாரசீகப் பொறியாளர்கள் வருவார்கள். வருடக்கணக்காகப் பணியாத சீனாவின் சியாங்யாங் நகரம் 1273-ல் விழுந்ததற்கு, மேற்கிலிருந்து வந்த இஸ்மாயிலும் அலாவுதீனும் அமைத்த கல்லெறி பொறிகள் முக்கியக் காரணம்.

இதைப் பாராட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1258-ல் மங்கோலியர் பிடித்த பாக்தாத்தில் நடந்தது படுகொலை. காட்டுமிராண்டிக் கூட்டம் என்று சொல்லும்போது அது ஏதோ வெள்ளம் புகுந்த மாதிரி ஆகிவிடுகிறது. உத்தரவு போட்டு, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து செய்த வேலை அது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இரண்டே வருடத்தில், 1260-ல், பாலஸ்தீனத்தின் அய்ன் ஜாலூத்தில் அதே வித்தை அவர்கள் மேலேயே திரும்பியது. எகிப்தை அப்போது ஆண்ட மம்லூக்குகள் என்ற அடிமை வீரர்களில் பலர் கிப்சாக் புல்வெளியிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்ட துருக்கியர்கள். அவர்களில் ஒருவரான பைபர்ஸ் ஓடுவது போல ஓடினார். மங்கோலியத் தளபதி கித்புகா துரத்திக்கொண்டே வந்தார், சுல்தான் குத்தூஸின் படை மறைந்து காத்திருந்த இடம் வரை.