முன்சக்கரத்தில் மாட்டாதீர்கள்

மலிவு விலை மவுண்டன் சைக்கிளை மின்சார சைக்கிளாக்க, சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரைப் பொருத்த முன்சக்கரமே சுலபம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சுலபம்தான், சரி, ஆனால் இந்த விலைக்கு வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும், அதிர்ச்சி தாங்கும் கவட்டையில்) அச்சு உட்காரும் பள்ளம் ரொம்ப மெல்லிசு, மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே விசை அச்சைப் பின்பக்கமாகத் திருகும். எனக்கு ஒரு மேட்டில் நட்டு தளர்ந்து, அச்சு பள்ளத்துக்குள்ளேயே சுழன்று, அதன் உள்ளிருந்து வரும் ஒயரை முறுக்கி அறுத்துவிட்டது. நல்லவேளை, சக்கரம் கழன்று வரவில்லை.

அந்த மோட்டாரைப் பின்னால் மாற்றிப் போடவும் முடியாது. அது சக்கரம் உட்காரும் இடைவெளி 100 மி.மீ. உள்ள ஃபோர்க்குக்கானது, பின்பக்கம் பெரும்பாலும் 135. அப்புறம் பின்சக்கரத்துக்கென்றே 36 வோல்ட், 250 வாட் மோட்டார் வாங்கி, இரும்பு ஃபிரேமில் இரு பக்கமும் அச்சு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டை வைத்து இறுக்கினேன். தயவுசெய்து அந்தத் துண்டு இரும்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் வாரம் ஓட்டியதும் நட்டையும் ஸ்போக் கம்பிகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, 1000 வாட் கிட் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம், இந்திய விதிப்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் மேலே போனால் அது பதிவு செய்ய வேண்டிய மோட்டார் வண்டி. இந்த சைக்கிளின் கேபிள் டிஸ்க் பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்ததல்ல.