யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸுக்கு டெஸ்க்டாப் (திரையில் நாம் பார்க்கிற முகப்பு, மெனு, ஐகான்கள்) செய்கிற ஒரு திட்டத்தில், மென்பொருளின் குறையைச் சொல்லிப் போட்ட வழு அறிக்கைக்கு நேற்று வந்த பதிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நீங்கள் எங்கள் இலக்குப் பயனர் இல்லை." ஒரே வரி. அதோடு மூடிவிட்டார்கள். ராத்திரி முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, இலக்குப் பயனர் யார்? அந்த டெஸ்க்டாப் திட்டத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள், "எல்லோருக்கும்" என்றுதான் இருக்கிறது. வரும்போது எல்லோருக்கும், குறை சொன்னால் மட்டும் நமக்கு இல்லையா?

1996-இல் மத்தியாஸ் எட்ரிச் என்ற நிரலாளர் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பை அறிவித்தபோது, இது கணினிகளை நிர்வகிக்கிற சிஸ்டம் அட்மினுக்கு இல்லை, இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் விளையாடவும் விரும்புகிற சாதாரணப் பயனருக்கு என்று அந்த முதல் அறிவிப்பிலேயே எழுதினார். பிடிக்கிறதோ இல்லையோ, யாருக்கு என்பது தெரிந்தது. 2018-இல் கினோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் 3.28 பதிப்பில், கோப்பு மேலாளரிலிருந்து டெஸ்க்டாப் ஐகான்களை எடுத்தார்கள். பழைய நிரலைக் கட்டிக்கொண்டு அழ முடியாது, புரிகிறது. ஆனால் யாரை மனதில் வைத்து எடுத்த முடிவு என்று ஐகானை நம்பி வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். வாட்ஸப்பில், பென்டிரைவில் வருகிற ஆதார், ஹால் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் நேராக டெஸ்க்டாப்பில்தான் வைப்பார். எதிரே ஆள் நிற்கும்போது ஃபோல்டர் ஃபோல்டராகத் தேட முடியாது. அந்த வேலையே அப்படி. அவர் யாருடைய பயனர்?

"இலவசமாக உழைக்கிறவர்களிடம் இப்படிக் கேட்கலாமா" என்று சிலர் வருவார்கள். நானும் காசு வாங்காமல்தான் இந்தத் திட்டத்துக்கு வருடக்கணக்காக மொழிபெயர்க்கிறேன். எல்லோருக்கும் எல்லாம் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். யாருக்கு என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

"பிடிக்காவிட்டால் நிரலை எடுத்துத் தனியாகப் பிரித்துச் செய்" என்பார்கள். கினோமின் பழைய பதிப்பான கினோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் 2011-இல் அதிலிருந்து மாட்டே என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள், அது இன்றும் ஓடுகிறது. அவர்களுக்கு நிரல் எழுதத் தெரியும். சித்தப்பா என்ன செய்வார்? யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்தபோது, பழைய கணினி வைத்திருந்தவர்களிடம் போய் லினக்ஸ் பற்றிப் பேசியது நாம்தான். "இது உங்களுக்கானது" என்று என் வாயால் சொல்லித்தான் கூட்டி வந்தேன். அவர்களைப் பார்த்து, நீ இதற்கான ஆள் இல்லை என்று வேறொருவர் சொல்வது எனக்கு அவமானமாக இருக்கிறது.

யாருக்காக இந்தத் திட்டம் என்று ஒரு பத்தி எழுதி வைக்கச் சொல்லி இன்று காலையில் தனியாகக் கோரிக்கை போட்டிருக்கிறேன். அதையும் ஒரே வரியில் மூடினால், மொழிபெயர்ப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.