ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான் செத்தானாம்!

ஞாயித்துக்கிழமையில இருந்து வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். முடியல.

அன்னைக்கு மேடையில மைக் கையில கிடைச்சதும் அண்ணாச்சி ஒருத்தர் என்னெல்லாம் பேசினார்னு இங்க மறுபடி எழுத மாட்டேன். வீடியோவுல எல்லாரும் பாத்தாச்சு. அந்த ஒத்த வரி போதும்: “கொரோனாவுல ஆஸ்பத்திரிக்குப் போனவன் செத்தான், வீட்ல கிடந்தவன் பிழைச்சான்.” அதுக்கு ஒரு கைதட்டு! தட்டினவங்கள்ல பல பேரு என் நட்புப் பட்டியல்ல இருக்கீங்க. அதனாலதான் எழுதுறேன்.

நாகர்கோவில்ல ஒரு கோவிட் வார்டுல ரெண்டு அலையும் டியூட்டி பாத்த நர்ஸ் நான். எனக்குத் தெரிஞ்ச கணக்கைச் சொல்லுகேன். 2020 தொடக்கத்துல சீனாவுல இருந்து வந்த பெரிய கணக்கு என்ன சொல்லிச்சு? நோய் வந்த நூறு பேர்ல எண்பத்தோரு பேருக்கு லேசாத்தான் வரும். பதினாலு பேருக்கு முத்தும். அஞ்சு பேருக்கு உயிருக்கே ஆபத்து. அந்த எண்பத்தோரு பேர்ல அநேகமா எல்லாரும் கஷாயம் குடிச்சாலும் பிழைப்பாங்க, கட்டஞ்சாயா குடிச்சாலும் பிழைப்பாங்க. எங்க வார்டுக்கு வந்தது மிச்ச ஆளுங்க. முடியாமப் போனவங்கதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்ததால முடியாமப் போகல. முங்கினவனைத் தூக்கக் குதிச்சவன்தான் அவனை முக்கிக் கொன்னான்ங்கிற மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி பேச்சு.

“காய்ச்சல் விட்டுட்டு, சரியாயிட்டு”ன்னு வீட்லயே இருந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? காய்ச்சல் இல்லைன்னா நோய் விட்டுச்சுன்னு அர்த்தம் இல்லை. நியூயார்க்ல கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில சேர்த்த 5,700 பேரைப் பத்தி 2020 ஏப்ரல்ல ஒரு கட்டுரை வந்துச்சு. வந்து சேரும்போது காய்ச்சல் இருந்தது வெறும் 31 சதவீதம் பேருக்கு. பாதிக்கு மேல ரத்தக்கொதிப்புக்காரங்க, மூணுல ஒருத்தருக்குச் சர்க்கரை. நம்ம வார்டுலயும் கேஸ் ஷீட்டைப் புரட்டினா பாதி சர்க்கரைதான். முதல் வாரம் காய்ச்சலும் இருமலுமாப் போகும். ஏழாம் நாள் எட்டாம் நாள்தான் நெஞ்சுல கை வைக்கும். ஆக்ஸிஜன் இறங்கும், ஆனா பல பேருக்கு மூச்சு முட்டுறதே தெரியாது.

எங்க பெரியப்பா அப்படித்தான். தக்கலைப் பக்கம் ரப்பர் வச்சிருந்தவரு. 2021 மே மாசம் போன்ல என்கிட்ட ரப்பர் ஷீட்டு விலையைப் பத்தி நல்லா பேசிட்டு இருக்காரு. ஆனா ஒரு வாக்கியத்தை முடிக்கதுக்குள்ள நடுவுல நடுவுல நின்னு நின்னு பேசுகாரு. எனக்குக் கேட்டதுமே அடிவயிறு கலங்கிட்டு. ஆக்ஸிஜன் அளவு பாக்குற மெஷினை விரல்ல மாட்டச் சொன்னேன். 81 சதவீதம். “மெஷின் கேடு பிள்ளே, எனக்கு ஒண்ணும் இல்லை”ன்னாரு. பெரியம்மா விரல்ல மாட்டினா 98.

சண்டை போட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம். ஆக்ஸிஜன், கமந்து படுக்க வச்சது, டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு, ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி, எல்லாம் பாத்தோம். கமந்து படுக்கவே மாட்டாரு. தலையணையை மாத்தி மாத்தி வச்சு நாலு பேரு சேர்ந்து திருப்பணும். நாங்க காப்பாத்தல. அதாவது, முடியல. சர்க்கரை, வயசு, வந்த நேரம். பதினாறுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் என் முகத்தைப் பாத்து, “இந்தப் பிள்ளை கொண்டு போகாம இருந்தா மனுஷன் இருந்திருப்பாரு”ன்னாரு. அதே வரி. அதைத்தான் அண்ணாச்சி இப்ப மேடையில சொல்லிக் கைதட்டு வாங்குகாரு.

இப்ப கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும்.

“நீ ஆஸ்பத்திரிக்காரி, அப்படித்தான் பேசுவ.” ஆமா. வார்டுக்குள்ள நின்னவதான் வார்டைப் பத்திப் பேச முடியும். நீங்க எங்க நின்னீங்க?

“தனியார்ல லட்சக்கணக்குல பில் போட்டான்.” போட்டான். நான் வக்காலத்து வாங்கல. அடுத்தது.

“வெண்டிலேட்டர் போட்டா 88 சதவீதம் சாவுன்னு அமெரிக்காக்காரனே எழுதினான்.” இதுக்குத்தான் காத்திருந்தேன். மேல சொன்ன அதே நியூயார்க் கட்டுரைதான். வெண்டிலேட்டர் போட்டவங்க 1,151 பேர். எழுதின அன்னைக்கு இறந்திருந்தது 282, வீட்டுக்குப் போனது 38. மிச்சம் 831 பேர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் கிடந்தாங்க. அந்த 831 பேரை ஒதுக்கிட்டு 282-ஐ 320-ஆல வகுத்தா 88 வரும். அந்தப் பத்திரிகையே பிறகு திருத்தம் போட்டுச்சு. திருத்தத்தை மட்டும் எந்த வாட்ஸ்அப் மாமாவும் அனுப்பல.

“ஸ்டீராய்டு குடுத்துக் கருப்புப் பூஞ்சை வர வச்சீங்க.” ஆக்ஸிஜன் தேவைப்பட்டவங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்துச்சு. வெண்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மரணம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சதுன்னு 2020 ஜூன்ல பிரிட்டன் ஆய்வு காட்டுச்சு. ஆக்ஸிஜன் வேண்டாதவங்களுக்குப் பயன் இல்லைன்னும் அதே ஆய்வுதான் சொல்லிச்சு. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கி, சர்க்கரையையும் பாக்காம வீட்லயே விழுங்கினவங்க கணக்கை எங்க தலையில எழுதாதீங்க. தப்பான மருந்தை விட்டுக்குடுக்கவும் மருத்துவத்துக்குத் தெரியும். கொரோனாவுல இருந்து மீண்டவங்க ரத்தத்துல இருந்து எடுத்த பிளாஸ்மாவை 39 ஆஸ்பத்திரியில 464 பேருக்குச் சோதிச்சுப் பாத்து, பயன் இல்லைன்னு தெரிஞ்சு, 2021 மே மாசம் வழிகாட்டுதல்ல இருந்தே எடுத்தாங்க. கஷாயக்காரங்க எதையாவது எடுத்ததா கேள்விப்பட்டிருக்கீங்களா? (கபசுரக் குடிநீர் நானும் குடிச்சிருக்கேன். அதுக்காகச் சண்டைக்கு வராதீங்க.)

2020 மார்ச் 22 சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தட்டுல கரண்டியால அடிச்சது ஞாபகம் இருக்கா? எங்க தெருவுலயும் அடிச்சாங்க. அப்புறம் அதே வீட்டுக்கார மாமி, “மோட்டார் சுவிட்சைத் தொடாதே, மாடிப்படி பக்கம் வராதே”ன்னாங்க. மேல அவங்க துணி காயுதாம். உடம்பு முழுக்க மூடுற பாதுகாப்பு கிட்டுக்குள்ள யார் யாருன்னு தெரியாதுன்னு முதுகுல மார்க்கர்ல பேர் எழுதிட்டு வேலை பாத்தோம். கையுறையைக் கழட்டினா விரல் எல்லாம் ஊறிச் சுருங்கி இருக்கும். அந்தக் கையோட வீட்டுக்கு வந்தா, தண்ணித் தொட்டியைத் தொடாதே. சரி, அன்னைக்கு பயம், விடுங்க. இன்னைக்கு என்ன பயம்? இன்னைக்கு மேடை, மைக், சால்வை. எந்தப் பயமும் இல்லாம, நாங்க கொன்னோம்னு சொல்லுகாங்க.

அந்த வீடியோவை மறுபடி எனக்கு அனுப்ப வேண்டாம், கீழயும் போட வேண்டாம். விவாதிக்க வாறவங்க தாராளமா வாங்க, ராத்திரி டியூட்டி முடிச்சுப் பதில் சொல்லுகேன். வார்த்தையை மட்டும் பாத்துப் போடுங்க. எங்க பெரியம்மா போன்லயும் முகநூல் இருக்கு.