"பால் இருக்கிறதா?" என்று கேட்கிறவர்களுக்கு

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் ஆப்பிளோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள்: "பால் இருக்கிறதா?" பதிலில் கொஞ்சம் தயக்கம் தெரிந்தால் போதும், சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, பால்பவுடர் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. குழந்தை மார்பை எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

முதல் ஓரிரு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பச்சிளம் வயிற்றுக்கு அது போதும். அதற்குள் அவசரப்பட்டுப் புட்டியைக் கொடுத்தால் குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்பச் சப்பத்தானே பால் ஊறும்!

எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொள்" என்றார் பெரியம்மா. கண் திறந்தது பெரம்பூரில் எங்கள் பகுதி சுகாதார நிலையத்துச் செவிலியரால். மடியில் தலையணையை வைத்து, குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பால் அதன் மேலுதட்டை வருடிவிட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும் வரை பொறுக்கச் சொன்னார். காம்போடு கருவட்டமும் உள்ளே போக வேண்டும், முகவாய் மார்பில் பதிய வேண்டும். வலி நீடித்தால் இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும். புண்ணுக்கு மருந்து? பால் கொடுத்து முடித்ததும் அந்தப் பாலிலேயே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றாட விடச் சொன்னார். வலி அன்றே பாதி குறைந்தது.

பால் கட்டிக்கொண்டால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் இதமாக இருக்கும். மார்பு சிவந்து காய்ச்சலும் அடித்தால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுக்கலாம்.

சென்னை வெயிலுக்குப் பயந்து தண்ணீர் புகட்டுகிறவர்களும் உண்டு. 6 மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும்தான். போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவுகட்டக் கூடாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் பால் போதாது. அது தாயின் குற்றமல்ல. குறைமாதக் குழந்தைகளுக்காக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது. டாக்டர் சொல்லிப் பால்பவுடர் கொடுக்கிறவளிடம் "நான் இரண்டு வயது வரை கொடுத்தேனாக்கும்" என்று பெருமை பேசும் அக்காமார்கள், தயவுசெய்து கூடத்திலேயே உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.